பதினான்காவது மாடிக்குப் போகும் வழி

அமாவாசை அன்று ஆரணியில் எங்கள் தெருவில் தறி ஓடாது. மற்றவர்களுக்கு ஞாயிற்றுக்கிழமை எப்படியோ, எங்களுக்கு அமாவாசை அப்படி. பல் பிடுங்கப் போவது, ரேஷன் கார்டில் பேர் சேர்க்க அலைவது, சொந்தக்காரர் வீட்டுக்குப் போய்த் தலையைக் காட்டிவிட்டு வருவது எல்லாம் அன்றைக்குத்தான். அதனால்தான் போன வருடம் நாங்கள் நான்கு பேர் கடற்கரைச் சாலையில் உள்ள தீம் பார்க்குக்குப் போன நாளும் ஒரு அமாவாசையாக அமைந்தது. கடற்கரைக்கு அமாவாசையில் போனால் என்ன ஆகும் என்று யாரும் யோசிக்கவில்லை. அதைப் பிறகு சொல்கிறேன்.

நான்கு பேரும் ஐந்தாவது வரை ஒரே பள்ளிக்கூடம். அதற்கு மேல் நான் போகவில்லை, தறியில் உட்கார்ந்துவிட்டேன். மற்ற மூவரில் ஒருவன் பட்டு நூலுக்குச் சாயம் போடுகிறவன். அவன் நகத்தைப் பார்த்தே அந்த வாரம் எந்தக் கலர் ஓடுகிறது என்று சொல்லலாம். ஞாயிற்றுக்கிழமை சர்ச்சுக்குப் போகும்போதும் அந்த நகத்தோடுதான் போவான். வாய் அதிகம். இன்னொருவன் பாவு புணைக்கிறவன், அதாவது தறியில் நீளவாக்கில் ஓடும் பாவு நூல் தீர்ந்ததும் அதன் நுனியோடு புதுப் பாவை இழை இழையாக முறுக்கிச் சேர்க்கிறவன். அவனுக்குப் பொறுமை அதிகம். மூன்றாமவன் வேன் வைத்திருக்கிறான். செய்யார் கம்பெனிகளுக்கு ஷிப்ட் ஆட்களை ஏற்றி இறக்குவது அவன் வேலை.

இவர்கள் வருடா வருடம் எங்காவது போவார்கள். நான் போனதில்லை. கூட்டத்தில் எனக்குப் பேச்சு வராது. ஹோட்டலில் இன்னொரு சட்னி கேட்கக்கூட எனக்குக் கூச்சம். அதனால் வேன்காரன் என் வீட்டு வாசலில் நின்று, "நீ வரமாட்ட, தெரியும். கேக்கலன்னு நாளைக்கு சொல்லக்கூடாது பாரு, அதுக்காக கேட்டு வெக்கிறேன்" என்றான்.

"அங்க பெரிய ராட்டினம் இருக்குமா?" என்று கேட்டேன்.

அவன் என்னை ஏற இறங்கப் பார்த்தான். இருக்கும் என்றான். நானும் வருகிறேன் என்றேன். காரணம் சொல்லவில்லை. காரணம் என் மகள் வீட்டில் இருந்தது.

என் மகளைச் சென்னையில் கொடுத்திருக்கிறோம். மாப்பிள்ளை நல்ல வேலையில் இருக்கிறார். அவர்கள் புதிதாக வாங்கிய வீடு பதினான்காவது மாடியில். முதல்முறை போனபோது லிப்டில் ஏறினேன், ஒன்றும் தெரியவில்லை. கதவு திறந்ததும் ஒரு நீளமான நடை. ஒரு பக்கம் வீடுகள். இன்னொரு பக்கம் இடுப்பளவு சுவர், அதற்கு மேல் வெறும் ஆகாயம். நான் எட்டிக்கூடப் பார்க்கவில்லை. கண்ணோரத்தில் கீழே கார்கள் தீப்பெட்டி மாதிரி தெரிந்தன. அவ்வளவுதான், முட்டிக்குக் கீழே கால் இல்லாத மாதிரி ஆகிவிட்டது. அங்கேயே உட்கார்ந்துவிட்டேன். எழுந்திருக்க முடியவில்லை. மாப்பிள்ளையும் வாட்ச்மேனும் இரண்டு பக்கமும் பிடித்து என்னைத் திரும்ப லிப்டுக்குள் விட்டார்கள். சம்பந்தியம்மா கதவைப் பாதி திறந்தபடி பார்த்துக்கொண்டிருந்தார். மகள் வீட்டு வாசற்படியை மிதிக்காமலே ஆரணிக்குத் திரும்பி வந்தேன்.

குழித்தறியில் வேலை செய்கிறவன் நான். தரையில் பள்ளம் எடுத்து, அதில் காலைத் தொங்கவிட்டு உட்கார்ந்து நெய்கிறோம். கால் வேலை செய்யும் இடம் தரைக்கும் கீழே. வாழ்நாளில் பாதியை அப்படி உட்கார்ந்தே கழித்தவனுக்கு உயரம் எப்படிப் பழகும் என்று எனக்கு நானே சமாதானம் சொல்லிக்கொண்டேன். அதன்பின் மகள் கூப்பிட்ட போதெல்லாம் பாவு முடியவில்லை, ஜரிகை வரவில்லை என்று ஏதாவது சொன்னேன். பேத்தி பிறந்தது ஆரணியில், எங்கள் வீட்டில். ஐந்தாம் மாதம் எடுத்துக்கொண்டு போனார்கள். பிறகு போனில் பார்ப்பதுதான்.

பேத்திக்கு முதல் பிறந்தநாள் வந்தது. மகள் போனில் சொன்னாள்: "அப்பா, கீழ ஹால் ஒண்ணு இருக்குது. அங்கேயே வெச்சிக்கிறோம். நீ மேல வர வேணாம்."

அன்பாகத்தான் சொன்னாள். ஆனால் பத்திரிகை அனுப்பும்போது, ஏன் வீட்டில் வைக்கவில்லை என்று நாலு பேர் கேட்பார்கள். அந்த நாலு பேருக்கும் அவள் ஒரு பதில் சொல்ல வேண்டும். இன்னொன்றையும் அவள் சொன்னாள். குழந்தை நடக்க ஆரம்பித்துவிட்டது, வீட்டுக்குள் இருப்பதில்லை, எந்நேரமும் வெளி நடையில்தான் சுவரைப் பிடித்துக்கொண்டு ஓடுகிறது என்றாள். ஒரு வயசுக் குழந்தை நடக்கிற இடத்தில் என்னால் நிற்க முடியாதா?

"மேலயே வெய்ம்மா. நான் வரேன்" என்றேன்.

நெசமாத்தானா என்று இரண்டு தரம் கேட்டாள். பிறகு சரி என்றாள். பிறந்தநாள் ஞாயிற்றுக்கிழமை. அதற்கு முந்தின புதன்கிழமை அமாவாசை. ராட்டினத்தில் ஒருமுறை உயரத்தைப் பார்த்துவிட்டால் பதினான்காவது மாடி பழகிவிடும் என்பது என் கணக்கு. என் மனைவிக்கு மட்டும் அது தெரியும். கிளம்பும்போது எலுமிச்சை சாதம் கட்டிக் கொடுத்தாள். "பயமா இருந்தா எறங்கிடுங்க. எறங்கினா யாரும் அடிக்கப் போறதில்ல" என்றாள்.

விடிவதற்கு முன்பே வேன் கிளம்பிவிட்டது. செய்யாரில் கம்பெனி பஸ்கள் வரிசையாக எதிரே வந்தன. ஒவ்வொரு டிரைவருக்கும் எங்கள் வேன்காரன் கையைத் தூக்கிக் காட்டினான், லீவு போட்ட சந்தோஷத்தில். வெம்பாக்கம் தாண்டி ஒரு கடையில் இட்லி சாப்பிட்டோம். எனக்கு இறங்கவில்லை. சாயக்காரன் என் தட்டில் இருந்ததையும் சேர்த்துச் சாப்பிட்டுவிட்டு, நான் முதல்முறையாகக் கூட வந்திருப்பதால்தான் மழை வரப்போகிறது என்று கடைக்காரரிடம் சொல்லிக்கொண்டிருந்தான்.

பார்க்கில் கூட்டம் இல்லை. வேலை நாள். தண்ணீரில் இறங்க வேட்டி கூடாது, நைலான் அரைக்கால் சட்டை போட வேண்டும் என்று அங்கே சட்டம். வாடகைக்குக் கிடைக்கும். மூன்று பேரும் போட்டுக்கொண்டார்கள். அந்தக் கால்களை நான் ஐந்தாம் வகுப்புக்குப் பிறகு அன்றைக்குத்தான் பார்த்தேன். புணைக்கிறவன் துண்டைச் சுற்றிக்கொண்டே தண்ணீர் வரை போனான். நான் கரையிலேயே நின்றுவிட்டேன். அவர்கள் சறுக்குமரத்தில் சறுக்கி விழுவதையும், திரும்ப ஏறுவதையும் பார்த்துக்கொண்டிருந்தேன் என்று அவர்கள் நினைத்தார்கள். நான் மரங்களுக்கு மேலே தெரிந்த ராட்டினத்தைத்தான் பார்த்துக்கொண்டிருந்தேன். நிறுத்தி நிறுத்திச் சுற்றியது.

மத்தியானத்துக்குக் கொஞ்சம் முன்பு அவர்கள் துணி மாற்றி வந்ததும், ராட்டினம் போகலாம் என்று நானே சொன்னேன்.

ஆள் குறைவு என்பதால், எதிரும் புதிருமாக உட்கார வைத்தால்தான் சமமாகச் சுற்றும் என்று சொல்லி ராட்டினக்காரர் எங்களைப் பிரித்தார். நானும் புணைக்கிறவனும் ஒரு பெட்டியில் ஏறினோம். எங்களை ஒரு இடம் தள்ளி நிறுத்திவிட்டு அடுத்த பெட்டிக்கு ஆள் ஏற்றினார். பிறகு இன்னொரு இடம். இப்படி ஒவ்வொரு பெட்டியாக நிரம்ப நிரம்ப நாங்கள் மேலே போய்க்கொண்டிருந்தோம். நான் எதிரே இருந்த கம்பியையே பார்த்துக்கொண்டிருந்தேன். பரவாயில்லை போலத்தான் இருந்தது. காலைப் பெட்டியின் தரையில் அழுத்தி வைத்துக்கொண்டேன். இரும்பு சில்லென்று இருந்தது.

இரும்பு ஏன் சில்லென்று இருக்கிறது என்று அப்போதுதான் யோசித்தேன். காலில் செருப்பு இல்லை.

தறிக்குழியில் யாரும் செருப்போடு இறங்கமாட்டோம். ஓரத்தில் கழற்றி விட்டுவிட்டுத்தான் காலை உள்ளே விடுவோம். அதே பழக்கத்தில் ராட்டினத்து மேடையிலும் கழற்றி, ஜோடியாக ஓரத்தில் வைத்துவிட்டு ஏறியிருக்கிறேன். செருப்பு எங்கே என்று என்னை அறியாமல் குனிந்து பார்த்தேன். அப்போது எங்கள் பெட்டி உச்சியில் நின்றிருந்தது. மேடை ஒரு சீட்டுக்கட்டு அளவுக்குத் தெரிந்தது. அதன் ஓரத்தில் இரண்டு கறுப்புப் புள்ளிகள்.

பிறகு நான் எதையும் பார்க்கவில்லை. கண்ணை மூடிக்கொண்டு புணைக்கிறவனின் கையைப் பிடித்தேன். அந்தக் கையில் என் விரல் பதிந்த தடம் மறுநாள் வரைக்கும் இருந்தது என்று பிற்பாடு காட்டினான். அவன் கீழே பார்த்துக் கையை ஆட்டி, நிறுத்தச் சொல்லிக் கத்தினான். எங்கள் பெட்டி கீழே வந்ததும் என்னை இறக்கிவிட்டார்கள்.

"இன்னாங்க இது, கோயிலா? செருப்ப கழட்டிட்டு ஏறுறீங்க" என்றார் ராட்டினக்காரர். செருப்பை எடுத்துக் கையில் கொடுத்தார். போட்டுக்கொள்ளக் குனிய முடியவில்லை. கையிலேயே வைத்துக்கொண்டு ஒரு பெஞ்சில் உட்கார்ந்தேன்.

மற்றவர்கள் சுற்றி முடித்து வந்தார்கள். சாயக்காரன் வரும்போதே ஆரம்பித்துவிட்டான். எதிர்ப்பக்கம் இருந்தவனுக்கு மொத்தமும் தெரிந்திருக்கிறது. "மேல போயி சாமி கும்புடலாம்னு செருப்ப கழட்டினியா? கண்ண மூடிகினு கும்புட்டுகினும் இருந்த." வேன்காரன் சிரித்தான். வேறு நாளாக இருந்தால் நானும் சிரித்துவிட்டு விட்டிருப்பேன். அன்றைக்கு முடியவில்லை. மகள் வீட்டு நடையில் நான் உட்கார்ந்துபோனது, வாட்ச்மேன் தூக்கியது, ஞாயிற்றுக்கிழமை பிறந்தநாள், எல்லாவற்றையும் சொன்னேன். அவர்களிடம் நான் அவ்வளவு நேரம் சேர்ந்தாற்போல் பேசியது அதுதான் முதல்முறை.

யாரும் சிரிக்கவில்லை. வேன்காரன், மகள் சொன்னபடி கீழ் ஹாலிலேயே வைத்துக்கொண்டால் என்ன என்றான். நியாயமாகத்தான் கேட்டான். புணைக்கிறவன், அவசரப்படாதே, பழகப் பழகச் சரியாகும், அடுத்த வருடம் பார்த்துக்கொள்ளலாம் என்றான்.

"வழியில மகாபலிபுரத்துல லைட் ஹவுஸ் இருக்குதில்ல" என்றேன். "அங்க வண்டிய நிறுத்து. நான் ஏறணும்."

நான் ஒன்றைக் கேட்டு அவர்கள் பார்த்ததில்லை. வேன்காரன் சாவியை எடுத்துக்கொண்டு முன்னால் நடந்தான்.

சாலையில் இடது பக்கம் சவுக்குத் தோப்புகளுக்கு நடுவே கடல் வருவதும் மறைவதுமாக இருந்தது. வண்டியில் யாரும் பாட்டுப் போடவில்லை. எலுமிச்சை சாதத்தைப் பிரிக்கவும் இல்லை. ஏறி இறங்கிய பிறகு சாப்பிடலாம் என்று நான் சொன்னதை மூவரும் ஒத்துக்கொண்டார்கள். ராட்டினத்தில் என்ன தப்பு நடந்தது என்று யோசித்துக்கொண்டே வந்தேன். அங்கே யாரோ என்னைத் தூக்கிக்கொண்டு போனார்கள். நிறுத்துவதும் ஓட்டுவதும் அவர்கள் கையில். லைட் ஹவுஸில் என் காலால் நான் ஏற வேண்டும். வேண்டாம் என்றால் நிற்கலாம். இவ்வளவு பெரிய வித்தியாசம் ராட்டினத்தைப் பார்த்தபோது எனக்குத் தோன்றவில்லை.

பாறை மேல் கட்டிய கல் கட்டடம் அது. வேன்காரனுக்கு முட்டிவலி, வண்டியிலேயே படுத்துக்கொண்டான். சீட்டு வாங்கிக்கொண்டு போனோம். வாசலில் நான் செருப்பைக் கழற்றினேன். இந்த முறை தெரிந்தே கழற்றினேன். போட்டுக்கொண்டே போகலாம் என்று அங்கிருந்தவர் சொன்னார். வெறுங்காலில்தான் எனக்குப் பழக்கம் என்றேன்.

சாயக்காரன் முன்னால், நான் நடுவில், புணைக்கிறவன் பின்னால். படி சுற்றிச் சுற்றிப் போனது. நான் மேலேயும் பார்க்கவில்லை, கீழேயும் பார்க்கவில்லை. தறியில் உட்கார்ந்தால் கண் ஒரு சாண் துணியின் மேல்தான் இருக்கும். கால் இருட்டில் மிதிகட்டையைத் தானாக மாற்றி மாற்றி மிதிக்கும், அதைப் பார்க்க வேண்டியதில்லை. அப்படியே ஏறினேன். கண்ணுக்கு அடுத்த படி மட்டும். வலது கால், இடது கால். கல் சில இடங்களில் வழவழப்பாகவும் சில இடங்களில் சொரசொரப்பாகவும் இருந்தது. முன்னால் போனவன் மூச்சு வாங்கிக்கொண்டே, தன் பெண்டாட்டி கீழே இருந்து கூப்பிட்டாலும் இனி கேட்காது, நிம்மதி என்றெல்லாம் பேசிக்கொண்டே போனான். அவன் பேச்சை நிறுத்தக்கூடாது என்று வேண்டிக்கொண்டேன்.

கடைசியில் படி முடிந்து ஒரு செங்குத்தான ஏணி. அதற்கு மேல் குனிந்து போகிற மாதிரி ஒரு சின்னக் கதவு. சாயக்காரன் வெளியே போய்விட்டான். கதவு வழியாகக் காற்று முகத்தில் அடித்தது. என் கால் நின்றுவிட்டது. முட்டிக்குக் கீழே அதே பழைய மாதிரி ஆக ஆரம்பித்தது.

பின்னால் இருந்த புணைக்கிறவன் தள்ளவில்லை, இழுக்கவில்லை, பேசவும் இல்லை. ஏணியில் ஒரு படி கீழே நின்று என் கணுக்காலைச் சும்மா தொட்டுக்கொண்டிருந்தான்.

சாயக்காரன் குனிந்து உள்ளே பார்த்தான். "வெளிய வரியா, இங்கயே இருந்துக்கிறியா? எதுவா இருந்தாலும் சொல்லு. இங்க வரிக்கும் வந்ததே பெருசு."

"அங்க இன்னாடா தெரியுது?" என்று கேட்டேன்.

அவன் திரும்பிக் கடலைப் பார்த்தான். தொட்டியிலிருந்து நூலைத் தூக்கி வெயிலில் பிடித்துப் பார்ப்பானே, அந்த மாதிரி ஒரு கண்ணைச் சுருக்கிக்கொண்டு பார்த்தான். "மயில் கழுத்து கலருடா. ஆனா ஒரு முக்கு கம்மி. நானா இருந்தா இன்னொரு தரம் முக்கி எடுத்திருப்பேன்."

எனக்குச் சிரிப்பு வந்துவிட்டது. சிரித்துக்கொண்டே குனிந்து வெளியே போய்விட்டேன்.

முதுகைக் கல் சுவரில் ஒட்டிக்கொண்டு நின்றேன். நேரே பார்த்தேன். கடலும் ஆகாயமும் சேருகிற கோடு தெரிந்தது. அவன் சொன்ன கலர் அந்தக் கோட்டுக்குக் கீழே இருந்தது. புடவையில் உடம்பும் கரையும் சேருகிற இடத்தைப் பார்க்கிற மாதிரி அதைப் பார்த்தேன். தலை சுற்றியது. அப்படியே நின்றேன். உள்ளங்காலில் கல்லின் சூடு தெரிந்தது. கால் இருக்கிறது என்று தெரிந்தது. பிறகு கம்பி வரை இரண்டு எட்டு வைத்து, கம்பியைப் பிடித்துக்கொண்டு கீழே பார்த்தேன். எங்கள் வேன் தெரிந்தது. ஜன்னலுக்கு வெளியே வேன்காரனின் இரண்டு பாதங்கள் நீட்டிக்கொண்டிருந்தன. பயம் வந்தது. நன்றாகவே வந்தது. போய்விடும் என்று காத்திருந்தேன். போகவில்லை. சரி, இருக்கட்டும் என்று நின்றேன். போதும் என்று எனக்குத் தோன்றிய பிறகுதான் உள்ளே வந்தேன்.

அதன் பிறகு எங்கள் பசி எல்லாம் ஒன்றாக வந்தது. தெற்கே போகிற சாலையில் ஒரு மீனவக் குப்பத்து ஓரமாகக் கீற்றுக்கொட்டகை. இரும்புக் கல்லில் வஞ்சிரம் வெந்துகொண்டிருந்தது. வேன்காரன் வண்டியை நிறுத்தி, இறங்கி, இலை போடச் சொல்லி, உட்கார்ந்த பிறகு புணைக்கிறவன்தான் மெதுவாக, இன்றைக்கு அமாவாசை என்றான். நாங்கள் மூன்று பேரும் ஒருவர் முகத்தை ஒருவர் பார்த்தோம். தறி ஓடாத நாள் என்று பார்த்துப் பார்த்துக் கிளம்பிய எங்களுக்கு, அன்றைக்கு மீனைத் தொடக்கூடாது என்பது இலை போடுகிற வரைக்கும் தோன்றவில்லை.

வேன்காரன் போனை எடுத்து, அமாவாசை எத்தனை மணிக்கு முடிகிறது என்று பஞ்சாங்கம் பார்த்தான். ராத்திரி வரைக்கும் இருந்தது. சாயக்காரனுக்கு இந்தக் கட்டுப்பாடு எதுவும் கிடையாது. எதிரே உட்கார்ந்து முள்ளை எடுத்து எடுத்து, ஒவ்வொரு துண்டும் எப்படி இருக்கிறது என்று எங்களுக்கு விளக்கமாகச் சொல்லிக்கொண்டே சாப்பிட்டான். நாங்கள் எலுமிச்சை சாதத்தைப் பிரித்தோம். வேன்காரனுக்குத்தான் பேஜாராகிவிட்டது. மீன் போட்ட அம்மா அவன் முகத்தைப் பார்த்து, "நாளைக்கு வாங்க, எங்க ஓடிடப் போவுது கடலு" என்று சொல்லிவிட்டு, எங்களுக்குத் தொட்டுக்கொள்ள வெங்காயம் மட்டும் அரிந்து வைத்தார். அலை பெரிதாக இருந்தது. குளிக்கலாம் என்று வைத்திருந்த எண்ணத்தையும் அந்த அம்மாவே, அமாவாசைக் கடலில் இறங்காதீர்கள் என்று தடுத்துவிட்டார். காலை மட்டும் நனைத்துக்கொண்டு, மரக்காணம், திண்டிவனம், வந்தவாசி வழியாக வீடு வந்து சேர்ந்தோம்.

ஞாயிற்றுக்கிழமை நானும் மனைவியும் சென்னைக்குப் போனோம். ஒரு பாவின் கடைசியில் மிஞ்சிய இழையில் பேத்திக்குப் பட்டுப்பாவாடை நெய்திருந்தேன், அது மனைவியின் பையில் இருந்தது. மாப்பிள்ளை கீழே வந்து காத்திருந்தார். நாங்களே வருகிறோம், நீங்கள் மேலே போங்கள் என்று அவரை முன்னால் அனுப்பினேன்.

லிப்ட் கதவு திறந்தது. அதே நடை. அதே இடுப்பளவு சுவர். இங்கே கடல் இல்லை. பார்க்க ஒரு கோடு இல்லை. எதிரே இன்னொரு கட்டடமும் தண்ணீர்த் தொட்டிகளும்தான். லைட் ஹவுஸில் கற்றுக்கொண்டதில் பாதி இங்கே உதவாது என்று உடனே தெரிந்துவிட்டது. முட்டிக்குக் கீழே மரத்துப்போக ஆரம்பித்தது.

லிப்ட் ஓரமாகச் செருப்பைக் கழற்றி வைத்தேன். டைல்ஸ் சில்லென்று இருந்தது. வீடுகள் இருந்த பக்கத்துச் சுவரில் கையை வைத்துக்கொண்டு நடந்தேன். வலது கால், இடது கால். கண்ணோரத்தில் கார்கள் தெரிந்தன. தெரியட்டும் என்று விட்டேன். மனைவி முன்னால் போய்க்கொண்டிருந்தாள். ஒருமுறை கூடத் திரும்பிப் பார்க்கவில்லை. பார்த்தால் நான் நின்றுவிடுவேன் என்று அவளுக்குத் தெரியும். மாவிலை கட்டிய கதவு கடைசியில் இருந்தது. நல்ல தூரம்.

பாதியில் அந்தக் கதவு திறந்தது. பேத்தி வெளியே வந்தாள். எதிர்ப்பக்கத்துச் சுவரைப் பிடித்துக்கொண்டு என்னை நோக்கி நடந்தாள். அவள் இந்தப் பக்கம் வரமாட்டாள் போலிருந்தது. நான் என் சுவரை விட்டுவிட்டு, நடையைக் குறுக்கே கடந்து அவளைத் தூக்கிக்கொண்டேன். அவள் கனமாக இருந்தாள், அந்தக் கனத்தில் என் கால் தரையில் அழுந்தியது, அது நல்லதாகப் போயிற்று.

மகள் வாசலில் நின்றிருந்தாள். அழப்போகிறாளோ என்று நினைத்தேன். என் காலைப் பார்த்தாள்.

"செருப்பு எங்கப்பா?"

"லிப்ட்டாண்ட வெச்சிட்டேன்."

அவள் போய் எடுத்தாள். நான் குழந்தையோடு வாசற்படியைத் தாண்டி உள்ளே நின்று திரும்பிப் பார்த்தேன். செருப்பைக் கையில் வைத்துக்கொண்டு, வரும் வழியில் அவள் அந்த இடுப்பளவு சுவரோரம் நின்று, கொஞ்ச நேரம் கீழே எட்டிப் பார்த்துக்கொண்டிருந்தாள்.